டெரிக் அறுத்த கைமரம்

பரணுக்கு ஜன்னல் வைத்த நான்காம் நாள் கூரை பேச ஆரம்பித்தது.

முதலில் ஒரு முனகல். பிறகு, வயதானவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது வருவது மாதிரி ஒரு ‘க்ர்ர்க்’. பரணில் முட்டி போட்டிருந்த டெரிக் ஹோல்ராய்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கீழே ஏணியடியிலிருந்து மனைவி கிளெண்டா கேட்டாள். “அது உன் முட்டியா, கூரையா?”

“முட்டிதான்.”

“வியாழக்கிழமை நகராட்சி ஆய்வாளர் ஜன்னலைப் பாக்க வர்றார். அவர் சரியில்லைன்னு சொன்னா நான் பாரியைக் கூப்பிட்டுடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

பாரி அவளுடைய தம்பி. தச்சன். ஒன்பது வருடத்துக்கு முன் டெரிக் ஒரு கதவைத் தலைகீழாக மாட்டியதை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் நடித்தே காட்டுபவன். கூரை இடிந்து தலையில் விழுவதை டெரிக் தாங்கிக்கொள்வார். மச்சான் வந்து அதைத் தூக்கி நிறுத்துவதைத் தாங்கமாட்டார்.

ஒரே நீளக் கூரையின் கீழ் இருபத்தாறு வீடுகள் தோளோடு தோள் நிற்கும் யார்க்‌ஷயர் தெரு அது. ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகச் செய்தித்தாள் படிக்கப் பரணுக்கு வெளிச்சம் வேண்டும் என்று டெரிக் முடிவெடுத்தார். ஏறிப் பார்த்தபோது பரண் இடையில் சுவரே இல்லாமல் இருட்டில் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய இடத்துக்குச் சொந்தக்காரராக இருபது வருடம் தெரியாமல் வாழ்ந்துவிட்டோமே என்று நெகிழ்ந்துபோய், புகைபோக்கித் தூணைத் தாண்டி நல்ல விசாலமான பகுதியாகத் தேர்ந்தெடுத்தார். ஓடுகளைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களில் நடுவில் இடைஞ்சலாக இருந்த ஒரு கைமரத்தை அறுத்தார். ஜன்னலை உள்ளேயிருந்தே பொருத்தினார். வெளியே போய்ப் பார்க்கவில்லை. மழை.

முனகலுக்கு முதல் வைத்தியமாகக் கார் ஜாக்கியை ஏற்றி, கூரைக்கு முட்டுக் கொடுத்தார். முனகல் நின்றது. ஜன்னல் சட்டம் கோணிக்கொண்டு மூட மறுத்தது. இரவெல்லாம் சாரல் உள்ளே பெய்தது. அடியில் வைத்த வாளி ஒருமுறை நிரம்பிக் கவிழ்ந்தும் போனது.

காலையில் பக்கத்து வீட்டு மிஸஸ் தோர்ப் வாசலில் நின்றாள். கதவு திறந்த பிறகும் கொஞ்ச நேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வருஷம் மழை கொஞ்சம் உள்ள வரைக்கும் வருது இல்ல, மிஸ்டர் ஹோல்ராய்ட்?”

“ஆமாங்க. காலமே கெட்டுப்போச்சு.”

“ஆமா. ஆமா.” இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, “சரி, உங்களுக்கு வேலை இருக்கும்” என்று போய்விட்டாள்.

மரக்கடைக்காரன் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். “ஒரு கைமரத்தை அறுத்தா அதோட பாரத்தை ரெண்டு பக்கத்துக் கைமரமும் சுமக்கும் சார். அது ரெண்டுக்கும் முழு நீளத்துக்கு ஒரு துணைக் கட்டை சேர்த்து போல்ட் போட்டு முறுக்கணும். அறுத்த முனை ரெண்டுக்கும் குறுக்குக் கட்டை. இதெல்லாம் ஜன்னல் வெக்கிறதுக்கு முன்னாடி.”

“பின்னாடி செஞ்சா?”

“வேகமா செய்யுங்க.”

பன்னிரண்டடிக் கட்டைகள் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. டெரிக் அவற்றைப் பாதியாக அறுத்து மேலே கொண்டுபோனார். போன பிறகுதான் ‘முழு நீளத்துக்கு’ என்பது நினைவுக்கு வந்தது. புதுக் கட்டைகள் வந்தன. இந்த முறை கட்டைகளை விட்டுவிட்டு மாடிப்படிக் கைப்பிடியை அறுத்தார்.

“இப்ப நான் எதைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறது?” என்றாள் கிளெண்டா.

“சுவரை.”

“சுவரையாவது விட்டு வெப்பியா?”

புதன்கிழமை முழுக்க டெரிக் கூரையோடு மல்லுக்கட்டினார். துணைக் கட்டைகளை ஒட்டி, துளையிட்டு, போல்ட்டைத் தன் பல்லும் சேர்ந்து நறநறக்கும்வரை முறுக்கினார். குறுக்குக் கட்டைகளை அடித்தார். ஜாக்கியை மெல்ல இறக்கினார். கூரை வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் மூடியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை ஆய்வாளர் ஏறி, டார்ச் அடித்து, ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்த்தார். “யார் செஞ்சது?”

“நான்தான்,” என்றார் டெரிக், உதை வாங்கத் தயாரான குரலில்.

“தச்சனை வெச்சு செஞ்சிருந்தாக்கூட இவ்வளவு உறுதியா வராது.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த வேலை இருப்பதாகப் படியிறங்கிப் போனார். கைப்பிடியைத் தேடிய அவர் கை காற்றைப் பிடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

டெரிக் ஒரு கையில் சான்றிதழோடு மச்சானுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டார். “பாரி, தச்சனை வெச்சு செஞ்சிருந்தாக்கூடன்னு சொன்னார்டா. தச்சனை வெச்சு. காதுல விழுந்துச்சா?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. ஒன்பது வருடம் காத்திருந்து கேட்ட பெருமூச்சு.

“சரி மாமா,” என்றான் பாரி கடைசியில். “ஒத்துக்கறேன். நீ ஜெயிச்சுட்ட.”

அப்போது வாசல் மணி அடித்தது. ஃபோனைக் கையில் பிடித்தபடியே டெரிக் கதவைத் திறந்தார். மிஸஸ் தோர்ப். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“கேக்கறது மரியாதை இல்லைன்னு இவ்வளவு நாளும் வாயைத் திறக்கல. தப்பா எடுத்துக்காதீங்க, மிஸ்டர் ஹோல்ராய்ட்: எங்க வீட்டுக் கூரையில நீங்க எதுக்கு ஜன்னல் வெச்சீங்க?”