மைனஸ் முறுக்கு

முறுக்கு வட்டமானது என்ற உண்மையை மலேசியாவின் ஈப்போ மக்கள் எண்பத்தெட்டாம் ஆண்டு வரை அலட்சியமாகவே கையாண்டு வந்தார்கள். வட்டம் என்றால் அதற்குக் கோணம் உண்டு. கோணம் என்றால் அளக்க வேண்டும். அளந்தால் எங்காவது தெரிவிக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் எங்கள் புந்தோங் வட்டாரத்தில் இத்தனை வருஷம் முறுக்குச் சுட்டுத் தின்றிருக்கிறோம். இந்த அவலத்தைக் கண்டு மனம் பொறாத பலகாரத் தொழில் நவீனமாக்கல் வாரியம், தீபாவளிக்குள் தானியங்கி முறைக்கு மாறாத பட்டறைகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப்பட மாட்டாது என்று மிகுந்த கனிவோடு அறிவித்தது.

என் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் முத்தம்மாக்காவின் பட்டறை. தகரக் கூரை, இரண்டு விறகடுப்பு, ஐந்து பெண்கள். லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போய், இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் ராக்காயி சுற்றும் முறுக்குக்குத்தான் ஆட்கள் தேடி வருவார்கள். ஆனால் ராக்காயி எப்போதும் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அவள் இடக்கைக்காரி. இடது கை பட்ட பலகாரம் என்று தெரிந்தால் இந்த ஊரில் ஒருத்தர் வாங்க மாட்டார். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும், எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான்.

வாரியத்தின் துணைப் பொறியாளர் திரு. பெரியநாயகம் பட்டறைக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார்.

"மிஸிஸ் லூர்துசாமி, இந்த வரிசையில் ஏர்கண்டிஷன் உள்ள வீடு இது ஒன்றுதானே?"

"ஆமா. ஏன், முறுக்குக்கு வேர்க்குதா?"

"கம்ப்யூட்டருக்கு வேர்க்கும்."

மறுநாள் என் ஹாலில் இருந்த ஷோகேஸ் சமையலறைக்குப் போனது. அது இருந்த இடத்தில் கட்டுப்பாட்டு மையம் எழுந்தது. கட்டுப்பாட்டு மையம் என்றால் ஒரு திரை, ஒரு மேசை, நான் காப்பி வைக்க வேண்டிய இடம்.

பட்டறையில் ஒரு சுழலும் தட்டைப் பொருத்தினார்கள். ஒரு கையால் மாவை முறுக்கிவிட்டுக்கொண்டே மறு கையால் தட்டைச் சுழற்ற வேண்டும். தட்டின் அடியில் உள்ளங்கை அளவு டப்பா. அதன் பெயர் சுழல்நிலை உணரி.

"தட்டு எவ்வளவு சுற்றியது, எந்தப் பக்கம் சுற்றியது, எல்லாம் இது சொல்லும்" என்று பெரியநாயகம் விளக்கினார். "மூன்று சுற்று முடிந்தால் ஒரு முறுக்கு."

"முறுக்கு முடிஞ்சா எனக்கே தெரியுமே தம்பி. கண்ணு இருக்குல்ல" என்றாள் முத்தம்மாக்கா.

"உங்களுக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? வாரியத்துக்குத் தெரிய வேண்டாமா?"

டப்பாவிலிருந்து என் ஹாலுக்கு, விரல் தடிமனில் ஒரு மஞ்சள் கேபிள். அதை வளைக்கக் கூடாதாம். சுவரைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, என் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ராஜா மாதிரி நேராக உள்ளே வந்தது.

"இதுதான் ஈத்தர்நெட். பெரிய பெரிய தொழிற்சாலையில்கூட இன்னும் வரவில்லை. நாளைக்குப் புந்தோங்கில் உள்ள எல்லாப் பட்டறையையும் இதில் சேர்ப்போம். ஒரு முறுக்குத் தட்டு இன்னொரு முறுக்குத் தட்டோடு பேசும்."

"என்ன பேசும்?" என்று முத்தம்மாக்கா கேட்டாள். நியாயமான கேள்வி.

"அது இரண்டாம் கட்டம்" என்றார் பெரியநாயகம்.

முதல் நாள் காலையில் திரையில் எண் ஏறியது. பெரியநாயகம் ஒவ்வொரு எண்ணுக்கும் பேரப்பிள்ளை பிறந்தது போலச் சிரித்தார். பிறகு தட்டில் ராக்காயி உட்கார்ந்தாள். எண் இறங்க ஆரம்பித்தது. சோற்று நேரத்தில் திரை 'மைனஸ் நாற்பத்தொன்று' என்று காட்டியது.

பெரியநாயகம் முதல் முறையாகப் பட்டறைக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"இந்தம்மா தட்டை எதிர்த்திசையில் சுற்றுகிறார். ஒவ்வொரு தடவையும் வாரியத்தின் முறுக்கு ஒன்றை அழிக்கிறார்."

"அழிக்கிறாளா? அந்தத் தகர டின்னைப் பாரு. நெறைய இருக்குலா."

"இருக்கிறது என்பது உங்கள் அபிப்பிராயம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ சுத்தும்போது மட்டும் கணக்கைத் திருப்பிப் போடச் சொல்லுங்களேன் சார். கழிக்கிறதைக் கூட்டச் சொன்னா முடிஞ்சு போச்சு."

"அதற்குக் கோலாலம்பூரில் கமிட்டி கூட வேண்டும், மிஸிஸ் லூர்துசாமி. நேர்த்திசை எது என்று தீர்மானிக்கவே அவர்களுக்கு இரண்டு வருஷம் ஆனது."

தீர்ப்பு இதுதான். வெள்ளிக்கிழமை வாரியத் தலைவர் வந்து பார்த்து லைசென்ஸில் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கு எண் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். ராக்காயி வலது கையால் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போக வேண்டும்.

ராக்காயி வலது கையால் சுற்றிப் பார்த்தாள். மிதிபட்ட மண்புழு மாதிரி ஒன்று வந்தது. திரை அதை ஒரு முழு முறுக்காக ஏற்றுக்கொண்டது. எண்ணெய் ஏற்றுக்கொள்ளவில்லை.

"நான் போயிடறேன் அக்கா. என்னால மத்தவங்க பொழப்பும் போக வேணாம்" என்றாள்.

"எங்க போவ? சிம்பாங் பூலாய்க்குக் கல்லு ஒடைக்கவா? பேசாம உக்காரு" என்றாள் முத்தம்மாக்கா. "வெள்ளிக்கிழமை மட்டும் தட்டைத் தொடாத. மூலையில இரு. மத்த நாலு பேரும் விடிய எந்திரிச்சு நூறைத் தாண்டிக் காட்டுவாளுங்க."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன தலைவர், தலைவர்களின் வழக்கப்படி, சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். அதுவரை முத்தம்மாக்காவும் மற்ற நாலு பெண்களும் மாலையும் பன்னீர்ச் செம்புமாக என் வாசலில் வெயிலில் நின்றார்கள். பட்டறையில் ராக்காயி ஒருத்திதான். எதிரே ஒரு குண்டான் பிசைந்த மாவு.

பிசைந்த மாவு தலைவருக்காகக் காத்திருக்காது. ஓரம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. ராக்காயி ஈரத்துணி போட்டு மூடினாள். திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள். அதற்கு மேல் அந்தக் கையால் சும்மா இருக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான்.

இங்கே என் ஹாலில் தலைவர் ஏர்கண்டிஷனுக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

"பட்டறையையும் ஒரு பார்வை பார்க்கலாமா?"

"வெயில் சார். இங்கேயே எல்லாம் தெரியும்" என்றார் பெரியநாயகம்.

திரையில் நூற்று முப்பத்திரண்டு. தலைவர் திருப்தியாகத் தலையாட்டி, முன்னால் வைத்திருந்த பலகாரத் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். திரை நூற்று முப்பத்தொன்று ஆனது.

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஏன் குறைகிறது?"

பெரியநாயகத்தின் முகம் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் விழுந்தது போலப் பொரிந்தது. பதவி உயர்வு, கார் லோன், பெண்ணின் கல்யாணம் எல்லாம் அந்த முகத்தில் வரிசையாக ஓடின.

"சார்... தாங்கள் ஒன்று சாப்பிட்டீர்கள்."

தலைவர் திரையைப் பார்த்தார். கையில் இருந்த பாதி முறுக்கைப் பார்த்தார். சந்தேகத்தோடு இன்னொன்றை எடுத்து வாயில் போட்டார். நூற்று முப்பது.

"அடேயப்பா" என்றார் மெதுவாக. உடனே நூற்று இருபத்தொன்பது. "நான் இன்னும் எடுக்கவில்லையே."

"அது மிஸிஸ் லூர்துசாமி சாப்பிட்டது சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பட்டறையின் லைசென்ஸ் என் வாயில் இருந்தது. நான் சாப்பிட்டேன். அடுத்தது என் பக்கத்து வீட்டு பெட்ரீசியா, தலைவரைப் பார்ப்பதற்காகவே பட்டுப்புடவையில் வந்திருந்தவள். அதற்கடுத்தது தலைவரின் டிரைவர். ராக்காயியின் கைவேகம் எனக்குத் தெரியும். மூச்சு விட்டு முடிப்பதற்குள் ஒன்று சுற்றிவிடுவாள். நாங்களும் அந்த வேகத்துக்குத் தின்றோம். பெட்ரீசியாவுக்கு விக்கல் எடுத்தது. பெரியநாயகம் கண்ணில் நீரோடு மென்றுகொண்டே தொழில்நுட்பத்தை விளக்கினார். கடைசியில் எண் நூற்றுமூன்றில் நின்றது. குண்டானில் மாவு தீர்ந்து ராக்காயி சுடப் போயிருக்க வேண்டும். என் ஆயுளில் மாதாவுக்கு அவ்வளவு உண்மையாக நன்றி சொன்னதில்லை.

தலைவர் எழுந்து நின்றார். "உற்பத்தியை எந்த மிஷினும் எண்ணும். தின்பதையும் எண்ணுகிற மிஷின் உலகத்தில் எங்கே இருக்கிறது? இதை எப்படிச் செய்தீர்கள்?"

"இதற்கென்றே ஒரு நிபுணரை வைத்திருக்கிறோம் சார்" என்றார் பெரியநாயகம். "இடது கையால் இயக்குவார்."

லைசென்ஸ் அங்கேயே கையெழுத்தானது. ஒரே நிபந்தனை, அந்த நிபுணரை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது. பேரா மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு முறுக்குப் பட்டறையும் இனிமேல் ஓர் இடக்கைக்காரரை நியமிக்க வேண்டும் என்று அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது.

ராக்காயிக்கு 'நுகர்வுக் கணக்கீட்டு அலுவலர்' என்று பதவி கொடுத்தார்கள். வாசலைப் பார்த்து உட்கார நாற்காலி. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை. உற்பத்தியும் நுகர்வும் ஒரே கையில் இருந்தால் ஊழலுக்கு இடம் உண்டு என்பதால், அவள் மாவைத் தொடக் கூடாது. காலையிலிருந்து மாலை வரை காலித் தட்டை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும்.

"அக்கா, ஒரே ஒரு ஈடு சுத்திக்கிறேனே. யாருக்குத் தெரியப் போவுது?"

"தக் போலே லா, கூடாது. நீ இப்ப ஓபிசர்" என்றாள் முத்தம்மாக்கா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மற்ற நாலு பேர் சுற்றிய முறுக்கு அந்தத் தீபாவளிக்கு எடுத்ததும் உடைந்தது. கம்ப்யூட்டர் முறுக்கு என்று சொல்லி ஊரே வரிசையில் நின்று வாங்கியது.

"பழைய மாதிரி முரடா இல்ல பாரு, எல்ஸி. வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே உதிருது" என்று பெட்ரீசியா என்னிடம் ரசித்துச் சொன்னாள். "மிஷின்னா மிஷின்தான்."

இப்போது லூமுட் வரைக்கும் இடக்கைக்காரர்களைத் தேடி ஆள் போகிறது. கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? பிறந்த அத்தனை பேரையும் நாங்கள் சிறு வயதிலேயே திருத்திவிட்டோம். பெட்ரீசியாவின் கடைசிப் பெண்கூட இடக்கைதான். சீப்பால் அடித்து அடித்து, பள்ளிக்கூடம் சேர்ப்பதற்குள் அவளை வலது கைக்கு மாற்றியிருந்தாள். இடக்கைக்கு அரசாங்க அட்டையும் நாற்காலியும் கிடைக்கிற காலத்தில் அந்தப் பிள்ளைக்கு இடது கை மறந்தே போய்விட்டது. சாயங்காலம் ஆனால் அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறது. நேற்று எட்டிப் பார்த்தேன். பிள்ளையின் வலது கையைத் துண்டால் முதுகோடு கட்டி, சோற்றுத் தட்டை முன்னால் வைத்து, இடது கையால் சாப்பிடச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தாள்.

அடிப்பது மட்டும் வலது கையால்தான்.