மைனஸ் பாய் கணக்கில் எட்டு திர்ஹம் மிச்சம்

துபாயின் விலைவாசி மைனஸ் பாய்க்குத் தெரிந்த அளவுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. மாவட்டம் என்ன, துபாயிலேயே யாருக்கும் தெரியாது. மூன்று வருடமாக இங்கே இருந்துகொண்டு சொல்கிறேன். இங்கே தக்காளி கிலோ என்ன விலை என்று எனக்கே கடைக்குப் போனால்தான் தெரியும். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்.

பெற்றவர்கள் வைத்த பேர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. பட்டா நகல், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று எதற்குப் போனாலும் ‘மைனஸ் பாய் கடை’தான். வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வந்தவர்கள் அதை வாட்ஸ்அப்பில் அவர் நம்பருக்கு அனுப்பிவிட்டு, பிரின்ட் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். போய்ச் சேருவதற்குள் அவர் அதை இரண்டு தடவை படித்து, சம்பளத்திலிருந்து கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்து, விடையோடு காத்திருப்பார். கேட்டார்களா என்றால் கேட்கவில்லை. அடுத்தவர் லெட்டரைப் படிக்கலாமா என்றால், படிக்காமல் எப்படி பிரின்ட் நேராக வந்ததா என்று பார்ப்பது என்பார்.

மசி அப்பிப் பாழான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம்தான் அவருடைய கணக்குப் புத்தகம். மேலே சம்பளம். அதற்குக் கீழே வரிசையாகக் கழித்தல் குறிகள். ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில், அதற்கு வாடகை. சாப்பாடு. பஸ். போன். இதோடு நிறுத்தினால் அவர் சாதாரண மனுஷன். அங்கே கடல்தண்ணீரைக் காய்ச்சி விடுகிறார்கள், அதில் குளித்தால் முடி கொட்டும், ஆகவே முடிக்கு ஒரு கழித்தல். கல்யாணம் ஆகாத பையனாக இருந்தால் முடி கொட்டியதால் பெண் அமைவது இரண்டு வருடம் தள்ளிப்போகும், அந்த இரண்டு வருட ஓட்டல் சாப்பாட்டுக்குத் தனியாக ஒரு கழித்தல். கடைசியில் விடை எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழேதான் நிற்கும். போகாதே என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. தாளைத் திருப்பிக் காட்டி, “அப்புறம் உங்க இஷ்டம்” என்பார். அந்த இஷ்டத்தை அவர் சொல்லும் தொனியில் பாதிப் பேருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வெல்டர் வந்தான். பில்டிங் வேலை, சம்பளம் பரவாயில்லை. பாய் சம்பளத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். வெயில் தாங்குவாயா என்று கேட்டார். நம்ம ஊரில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? வெல்டர் சிரித்தான். அப்போது கத்திரி வெயில் நேரம். பாய் அவனை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கிரிவலம் போய்விட்டு வரச் சொன்னார்.

“பௌர்ணமிக்கு நடந்தா அது புண்ணியம்பா. கத்திரில மத்தியானம் நடந்தா, அதான் இன்டர்வியூ.”

வெல்டரும் ரோஷக்காரன். செருப்பில்லாமல் கிளம்பிவிட்டான். அடி அண்ணாமலை வரைக்கும் போயிருக்கிறான். அங்கே ஒரு கரும்பு ஜூஸ் வண்டியைப் பார்த்ததும் ரோஷம் தீர்ந்துபோய், நான்கு டம்ளர் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தான். பாய் நான்கு ஜூஸையும் ஆட்டோவையும் திர்ஹமாக மாற்றி, மாதம் இருபத்தாறு வேலை நாளால் பெருக்கி, அதையும் சம்பளத்தில் கழித்தார். அவன் போனான், அது வேறு கதை. ஊரில் மாடி வீடு கட்டிவிட்டான். பாயிடம் யாராவது அந்த வீட்டைக் காட்டினால், “நல்ல வீடு. அவன் எத்தினி நாள் அதுல தூங்கினான்னு கேட்டுச் சொல்லு” என்பார். காட்டியவர் அப்புறம் பேச்சை மாற்றிவிடுவார்.

இப்படிப்பட்டவர் கையில் என் தலையெழுத்து போய்ச் சிக்கியது.

நான் நர்ஸ். திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள், விடுங்கள். துபாய் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது, மாதம் நாலாயிரத்து ஐந்நூறு திர்ஹம். அதே வாரம் ஆரணியிலிருந்து ஒரு வரனும் வந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது. ஊசி போடும் கை என்றால் அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாம்.

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார். மகள் சொல்லும் கணக்கையும், ஏஜென்ட் சொல்லும் கணக்கையும் அவர் நம்பவில்லை. ஒரு முடிவு சொன்னார். “மைனஸ் பாய் கழிக்கட்டும். ஒரு ரூபா மிச்சம் நின்னாலும் நீ போ. நிக்கலைன்னா ஆரணிக்காரங்கள வரச் சொல்லிடுறேன்.”

இதைவிட ஆரணிக்கே நேராக பஸ் ஏற்றி விட்டிருக்கலாம். கடை திறந்த நாளிலிருந்து யாருக்கும் மிச்சம் காட்டாத மனுஷனிடம் போய் மிச்சம் கேட்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அன்று சாப்பாடே இறங்கவில்லை.

நாங்கள் போனது ஒரு திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள். கடையில் மனு ஜெராக்ஸுக்கு ஒரு இருபது பேர் நின்றிருந்தார்கள். பாய் எங்களை ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டு ஆரம்பித்தார். கட்டில், சாப்பாடு, பஸ், போன், முடி, ஏஜென்ட் கடனுக்குத் தவணை, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் கழித்தார். எண்ணூறு திர்ஹம் மிச்சம் நின்றது.  அப்பாவைப் பார்த்தேன். அப்பா பாயைப் பார்த்தார். பாய் பேனாவை மூடவில்லை.

“தைலம்?” என்றார்.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். தைலம், சென்ட், சாக்லேட், பேரீச்சம்பழம். அதே தைலம் நம்ம தேரடித் தெருவிலேயே கிடைக்கிறது. ஆனால் விமானத்தில் வந்த தைலத்துக்குத்தான் தலைவலி போகும். மொத்தம் எத்தனை பேருக்கு என்று பாய் கேட்டார். அப்பா முப்பது வருடம் பஸ்ஸில் தலை எண்ணிய பழக்கத்தில், ஒருத்தர் விடாமல் சொந்தபந்தத்தையெல்லாம் வரிசையாகச் சொன்னார். எழுபது பேர் தேறினார்கள். அதில் அப்பா, அம்மாவும் உண்டு. பெட்டிக் கனத்துக்கு விமானத்தில் கட்டும் பணத்தையும் சேர்த்து, பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து, தலைக்கு மாதம் இருபத்துநாலு திர்ஹம் என்று பாய் வைத்தார். எழுபதை இருபத்துநாலால் பெருக்கினார். ஆயிரத்து அறுநூற்று எண்பது. எண்ணூறிலிருந்து அதைக் கழித்தார். மைனஸ் எண்ணூற்று எண்பது.

“அப்புறம் உங்க இஷ்டம்” என்றார்.

ஒரு நர்ஸின் வாழ்க்கை தைலத்தில் போய் முடிந்தது. எனக்கு அழுகை முட்டியது. அங்கே அத்தனை பேர் எதிரில் அழக்கூடாது என்று சுவரில் இருந்த ரேட் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஊத்தங்கரையில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் பேரை அடிக்கச் சொன்னார். அவன் வீட்டுக் கல்யாணத்தில் எங்களை மூன்றாவது பந்தி வரைக்கும் நிற்கவைத்தானாம். பாய் தயங்கினார். ரத்த சொந்தமாச்சே சார் என்றார். ரத்தமாவது ஒன்றாவது, அடிங்க என்றார் அப்பா. இருபத்துநாலு குறைந்தது. அதில் அப்பா ருசி கண்டுவிட்டார். செல்போனில் நல்லது கெட்டதுக்கு ஒரு வார்த்தை விசாரிக்காதவர்கள் போனார்கள். அம்மா வழியில் ஒன்பது பேர் ஒரே மூச்சில் போனார்கள். இது தெரிந்தபோது அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. ஒவ்வொரு பேருக்கும் அவர்கள் சார்பாகப் பாய் வக்கீல் மாதிரி வாதாடுவார், அப்பா அதைவிடச் சத்தமாக ஏன் தைலம் கிடையாது என்று பதில் சொல்வார். மனு கொடுக்க வந்த கூட்டம் மனுவை மறந்துவிட்டு எங்களோடு நின்றது. வேட்டவலத்துக்காரர் ஒருவர், மச்சானை மட்டும் அடிக்காதீங்க, பின்னால் கஷ்டம் என்று உரிமையோடு சொன்னார். அப்பா மச்சானையும் அடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் ஆரணிக்குப் போன் போடத் தயாராக இருந்த மனுஷன், மத்தியானத்தில் என்னைத் துபாய்க்கு அனுப்புவதற்காகச் சொந்தக்காரர்களை ஒவ்வொருத்தராக விலக்கிக்கொண்டிருந்தார். பாய் இதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முப்பத்தாறு பேர் போனபின் மைனஸ் பதினாறில் வந்து நின்றது. மிச்சம் இருந்ததெல்லாம் அப்பாவின் அக்கா தங்கைகள், அவர்கள் பிள்ளைகள், அம்மா. யாரையும் தொட முடியாது. அப்பா தாளை மேலும் கீழும் பார்த்தார். கூட்டமும் சேர்ந்து பார்த்தது. பிறகு அப்பா விரலை வைத்தார்.

“இத அடிங்க பாய்.”

“சார், இது நீங்க.”

“எனக்கு எதுக்கு தைலம்? எனக்குத் தலைவலியே கிடையாது.”

டீசல் புகையிலும் ஹாரன் சத்தத்திலும் முப்பது வருடம் நின்றவர் என் அப்பா. தினமும் படுக்கும் முன் நெற்றியில் தைலம் தேய்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டுத் தலையணை உறையெல்லாம் அந்த வாசனைதான். நான் ரேட் போர்டைப் படிப்பதை விட்டுவிட்டு அத்தனை பேர் எதிரிலும் அழுதேன்.

பாய் மெதுவாகக் கோடு போட்டார். எட்டு திர்ஹம் மிச்சம். அதற்கு முன்னால் ஒரு பிளஸ் குறி போட வேண்டும். பழக்கமில்லாத கை, முதலில் மைனஸ் போட்டு, பிறகு நடுவில் ஒரு கோடு இழுத்துத் திருத்தினார். அந்தத் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டு, அதற்கும் எங்களிடமே இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அப்பா பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பாய் அங்கே வந்தார். கடையை விட்டு அவர் இறங்கி நான் பார்த்ததே கிடையாது. ஏதாவது கழிக்க மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பயம். அவர் அப்பாவுக்குக் கேட்காதபடி பேசினார்.

“நான் போயிருக்கேன்மா துபாய்க்கு. பதினோரு நாள். முடியல, வந்துட்டேன். அப்ப போளூர்ல இருந்தோம். தெருவே சிரிச்சுது. அந்த சிரிப்பு தாங்காமத்தான் இந்த ஊருக்கு வந்து கடை போட்டேன்.”

 டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“உனக்கு முடியலைன்னா ஒரு வாரத்துல கூட வந்துடு. யாரயும் கேக்காத. நான் சிரிக்க மாட்டேன்.”

துபாயில் முதல் மாதம் தினமும் அழுதேன். மொழி புரியவில்லை, கட்டில் பொருந்தவில்லை, முடியும் அவர் சொன்னபடியே கொட்டியது. பெட்டியை மூன்று தடவை கட்டினேன். கட்டிய ஒவ்வொரு தடவையும், திரும்பிப் போனால் சிரிக்காத ஒரு மனுஷன் வேங்கிக்காலில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த தைரியத்தில் பெட்டியைப் பிரித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன்.