தலைகீழ் சிம்பலுக்குள் ஒரு குரல்

வீட்டில் இனி யாருக்கும் ஜால்ரா போடுவதில்லை என்று இல்போ தீர்மானித்த அன்றுதான் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பு கெட்டுப்போனது. அதாவது, மின் இணைப்பை அவரே பிடுங்கிவிட்டு, கெட்டுப்போனதாக மனைவி ஹெல்வியிடம் சொன்னார். பனி கொட்டும் தம்பெரே ஊரில் கொலைகாரனுக்குக்கூட மன்னிப்பு உண்டு; குளிர்காலத்தில் சவுனாவை மூடியவனுக்குக் கிடையாது. ஆனால் இல்போவின் பாட்டுப் பதிவுக்கு அந்தச் சின்ன வீட்டில் சவுனாவை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. உண்மை தெரிந்தால் மைக், சிம்பல் என்ற வெண்கலத் தாளத்தட்டு, அவர் மூவரும் வெளியே.

மூன்று மாதம் ஓடியது. அன்று ஒரு பாட்டுக்குத் தலைகீழ் சிம்பல் தேவைப்பட்டது. ஓங்கி ஓர் அடி. 'ஜ்ஜாங்' என்று எழுந்து பத்து விநாடியில் தேய்ந்து அடங்கும். அந்தப் பதிவைக் கடைசியிலிருந்து ஓடவிட்டால், தேய்ந்தது வளரும். ஒன்றுமில்லாததிலிருந்து பொங்கி வந்து, பல்லவியின் வாசலில் பட்டென்று நிற்கும். இல்போ காதடைப்பான் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். காதடைப்பானைக் கழற்றிவிட்டுத் திருப்பிப் போட்டார்.

ஓசை பொங்கியது. அதற்குள் யாரோ பேசினார்கள்.

எந்த மொழியிலும் சேராத பேச்சு. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவது போல. மறுபடி அடித்தார். மறுபடியும் குரல். மூன்றாம் தடவை அதற்குக் கோபம் ஏறியிருந்தது.

"ஹெல்வி! இங்க வாயேன்! இதைக் கேளு!"

ஹெல்வி பாதி பின்னிய காலுறையோடு வந்து கேட்டாள்.

"தொந்து. அதேதாங்க."

"என்னது?"

"சவுனாவைக் காக்கற கிழட்டு ஆவி. எங்க அத்தை வீட்ல ஒரு குளிர்காலம் பூரா அதைப் பட்டினி போட்டாங்க, சூடு காட்டாம."

"அப்புறம்?"

"அப்புறம் வீடே சூடாயிடுச்சு. சாம்பலைத்தான் அள்ளினாங்க."

"நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல."

"அப்ப ஏன் என் கையைப் பிடிச்சிருக்கீங்க?"

"விரல் குளிருது."

"அதுக்கும் குளிருமில்ல, பாவம்! என்ன செய்ய, அடுப்புதான் கெட்டுப்போச்சே."

இல்போ அவள் கையை விட்டார். "ஏதாவது கம்பி லூசா இருக்கலாம். பார்க்கறேன்."

"மூணு மாசமா தோணாதது இப்பத் தோணிச்சா? கெட்டிக்காரர்தான்!"

ஒரு மணி நேரத்தில் மைக்கும் சிம்பலும் நடையில் கிடந்தன. சவுனாவுக்குள் ஹெல்வி மேல்தட்டுப் பலகையில் சம்மணமிட்டு, அடுப்பின் மேல் காயும் கற்களில் தண்ணீர் விசிறினாள். கீழ்த்தட்டில் இல்போ ஆவிக்கென்று ஒரு கரண்டி தண்ணீரைத் தனியே வைத்துவிட்டு, முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் ஹெல்வி, "இருபது வருஷமா எல்லாச் சத்தத்தையும் திருப்பித் திருப்பிப் போடறீங்களே, அந்தக் குரலை மட்டும் ஏன் நேரா ஓட்டிப் பார்க்கல?"

இல்போ துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மூன்றாவது பதிவை நேராக ஓட்டினார். ஜ்ஜாங்! தேயும் ஓசைக்கு அடியில், குளியலறைக் காற்றுத்துளை வழியாக, அப்போது காதடைப்பானால் கேட்காமல் போன ஹெல்வியின் மணி மணியான குரல்:

"இல்போ, அடுப்பு கெடலைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். உங்க சிம்பலுக்கு நிலவறையில இடம் ஒழிச்சு வெச்சிருக்கேன்."