மின்னல் வீட்டு விளக்கு

“அடையாளமா? வாசல்ல ‘எலக்ட்ரீஷியன்’னு பெருசா போர்டு மாட்டியிருக்கும் தம்பி. அந்த வீடுதான். சீக்கிரம் வாங்க.”

உள்ளே மனைவி போனில் சொன்னதைக் கேட்டு, செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தவர் அப்படியே நின்றார். அந்தப் போர்டு அவருடையது. அந்த எலக்ட்ரீஷியனும் அவர்தான்.

தெருவில் அவருக்கு மின்னல் என்று பெயர். யார் வீட்டில் எது புகைந்தாலும், கூப்பிட்டவர் போனைக் கீழே வைப்பதற்குள் வந்து நிற்பார் என்பதால் வந்த பெயர் அது. சொந்த வீட்டுப் பக்கம் மட்டும் அந்த மின்னல் அடிப்பதில்லை. சமையலறை விளக்கு அணைந்து மாதக்கணக்காகிவிட்டது. அவர் மனைவி ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் டார்ச் என்று சமைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால், “நாளைக்குப் பாத்துடறேன்” என்பார். அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை.

“யாருக்குப் போன்?” என்றார்.

“எலக்ட்ரீஷியனுக்கு.”

“அப்போ நான் யாரு?”

“அதான் எனக்கும் தெரியல. சாப்பிட வர்றீங்க, தூங்கறீங்க, காலையில கிளம்பிடறீங்க. லாட்ஜ்ல தங்கற ஆளுன்னு நெனச்சேன்.”

“விளையாடாத. எவனைக் கூப்பிட்டே?”

“டெஸ்டர் தம்பியை.”

டெஸ்டர் என்பது பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்தது கிடையாது. கல்யாண போட்டோவில்கூட கோட்டுப் பையிலிருந்து அது எட்டிப் பார்க்கும். ‘அவசர எலக்ட்ரீஷியன்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதிய பலகையை ஸ்கூட்டரின் முன்னால் கட்டிக்கொண்டு திரிவான். அது நின்ற வீட்டில் அவனுக்கு வேலை என்று தூரத்திலிருந்தே ஊருக்குத் தெரிந்துவிடும்.

“அவனையா? அவன் வீட்டு வேலைக்கே போன மாசம் என்னைத்தான் கூப்பிட்டாங்க, தெரியுமில்ல?”

தெரியாமல் எப்படி? தெருவில் அதைக் கேட்காத காது இல்லை. டெஸ்டரின் மனைவியே போன் செய்து கூப்பிட்டாள் என்பதை மின்னல் டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டே சொன்னார். அங்கே போய் டீ குடித்ததோடு சரி, வேலை எதையும் தொடவில்லை என்ற பகுதியை மட்டும் எல்லா இடத்திலும் விழுங்கிவிடுவார்.

“அவனை வர வேண்டாம்னு சொல்லு.”

“முடியாது.”

“என் மானம் கப்பலேறிடும்! சொந்த வீட்டுக்கு ஆள் வெச்சவன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்?”

“ஊர்ல எவ கூப்பிட்டாலும் ‘இதோ வந்துட்டேன்’. நான் கூப்பிட்டா ‘நாளைக்கு’. இந்த வீட்டுல மட்டும் எனக்கு எலக்ட்ரீஷியன் வேணாமா? அவர் வருவார். விளக்கு எரியும். உங்களுக்கு அவசரமா வேலை இருந்தா நீங்க கிளம்புங்க.”

சொல்லிவிட்டு அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் கோபம் நியாயமானது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவருக்குக் கோபம் வந்தது.

கழற்றிய செருப்பு ஒரு மூலையில் போய் விழுந்தது. அவன் வருவதற்குள் விளக்கை எரியவைத்துவிட்டால் வாசலோடு அனுப்பிவிடலாம். மின்னல் மெயினை அணைத்தார், ஸ்டூலைப் போட்டார், ஏறினார்.

மற்ற வீடுகளில் அவர் வேலை பார்த்தால் ஒவ்வொரு ஒயரும் கோடு போட்டது போல ஓடும். சொந்த வீட்டில் எல்லாமே ‘இப்போதைக்கு’. இப்போதைக்கு என்று ஹால் ஃபேனிலிருந்து ஒரு ஒயரை இழுத்துச் சமையலறைக்குக் கொடுத்திருந்தார். இப்போதைக்கு என்று அங்கிருந்து குளியலறைக்கு. வாசல் மணி எங்கிருந்து வருகிறது என்பது மறந்தே போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லா ஒயரும் கறுப்பாகவே தெரிந்தன. கைக்கு வந்த இரண்டை முறுக்கி டேப் சுற்றிவிட்டு, மெயினைப் போட்டு, விளக்கு ஸ்விட்சைத் தட்டினார்.

வாசல் மணி அடித்தது.

“வந்துட்டானா?” என்று ஓடினார். வாசலில் யாரும் இல்லை. திரும்பி வந்து மறுபடி தட்டினார். மறுபடி மணி அடித்தது. மறுபடி ஓடினார்.

“யாரது, ஒளிஞ்சு விளையாடறது?” என்று காலித் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

“நீங்கதான்” என்றது உள்ளேயிருந்து மனைவியின் குரல். “விளக்குக்குப் போட வேண்டியதை மணிக்குப் போட்டிருக்கீங்க.”

அதைச் சரிசெய்யப் போனதில் ஹால் ஃபேன் நின்றது. ஃபேனைச் சரிசெய்யப் போனதில் குளியலறை இருண்டது. ஓட்டை அடைக்கப் போய் ஓடத்தையே கவிழ்த்த கதையாக அவர் ஸ்டூலில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வந்து, சரியாக வாசலுக்கு நேராக, பலகை தெருவைப் பார்க்கும்படி நின்றது.

டெஸ்டர் மணிப் பொத்தானை அழுத்தினான். மணி அடிக்கவில்லை. சமையலறை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“பாத்தீங்களா!” என்று மனைவி கை தட்டினாள். “தம்பி இன்னும் உள்ள கால் வெக்கல, விளக்கு எரியுது!”

டெஸ்டர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். விளக்கு அணைந்தது. மின்னலின் முகமும்தான்.

“வணக்கம்ணே. வேலை நடக்குதா? நடக்கட்டும், நடக்கட்டும். நான் எதையும் தொடல” என்றான் டெஸ்டர். முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் மின்னலுக்கு அதிகமாக எரிந்தது.

“தொட்டுத்தான் பாரேன்! என் வீட்டு ஒயர்ல நீ கை வெச்சிடுவியா?”

“ஐயோ, மாட்டேன்ணே. அண்ணி, டீ இருக்குமா?”

வாசற்படியில் நாற்காலி போடப்பட்டது. டீயும் வந்தது. டெஸ்டர் சாவகாசமாக உட்கார்ந்து ஊத ஆரம்பித்தான். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அந்தத் தெருவில் ஒரு செய்தி அவளிடம் போனால், தபால்காரருக்கு வேலை இல்லை.

“என்ன மின்னல், உங்க வீட்டுக்கே வேற ஆளா?”

ஸ்டூலில் இருந்தபடியே மின்னல் ஜன்னல் வழியாகக் கத்தினார். “யாரு சொன்னது? அவன் எங்கிட்ட தொழில் கத்துக்க வந்திருக்கான்!”

“அப்படியா தம்பி?”

டெஸ்டர் ஒரு மிடறு டீயைக் குடித்துவிட்டு, “ஆமாக்கா. அண்ணன்கிட்ட கத்துக்க நெறைய இருக்கு” என்றான்.

பொய் பலித்ததில் மின்னலுக்கு ஒரு நிமிடம் நிம்மதி. அடுத்த நிமிடமே அதன் விலை தெரிந்தது. தொழில் கற்றுக்கொடுக்கிறாராம் என்றதும் அக்கா வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே வாத்தியார் மனைவியும் வந்தாள். மின்னல் இப்போது ஸ்டூலில் நிற்கவில்லை, மேடையில் நின்றார்.

மெயினைப் போட்டார். ஹால் ஃபேன் ஓடியது. வாசல் மணி விடாமல் அலறியது. மெயினை அணைத்தார்.

“இப்படித்தான் பண்ணக்கூடாது!” என்று சபையைப் பார்த்து அறிவித்தார். “அதைக் காட்டத்தான் பண்ணேன்.”

ஒயரை மாற்றிப் போட்டார். மணி நின்றது. விளக்கு எரிந்தது. ஃபேன் நின்றது.

“இப்படியும் பண்ணக்கூடாது!”

“எப்படித்தான் பண்ணணும்?” என்றார் வாத்தியார்.

“அவசரப்படாதீங்க சார், படிப்படியாத்தான் வரும்.”

“அது சரி, இந்த மாதிரி ஒயரைத் தாறுமாறா இழுத்து விட்டிருக்கானே, எந்த மடையன் பண்ணின வேலை?”

மின்னல் டேப்பைப் பல்லால் கடித்தபடி நின்றார். டேப் வாயில் இருந்ததால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

“நல்ல மனுஷன்தான் சார். வீட்டுக்கு வந்தா மட்டும் கொஞ்சம் அவசரக்காரர்” என்றாள் மின்னலின் மனைவி.

அந்த நேரம் பார்த்து மின்னலின் போன் அடித்தது. கடைத்தெரு பேக்கரிக்காரர். “மின்னல்! ஓவன் சுவிட்சு பொறி தெறிக்குது. உடனே வா!”

‘இதோ வந்துட்டேன்’ என்பது அவர் நாக்கு நுனிவரை வந்தது. ஸ்டூலிலிருந்து ஒரு காலை இறக்கியும்விட்டார். வாசலில் டெஸ்டர் டம்ளரைக் கீழே வைத்து, எழுந்திருக்கலாமா என்பது போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இறக்கிய கால் மேலே ஏறியது.

“மெயினை ஆஃப் பண்ணிட்டு யாரும் கிட்ட போகாதீங்க. இப்ப வர முடியாது. வீட்டுல வேலை இருக்கு” என்றார் மின்னல்.

“என்னது? யாரு வீட்டுல?”

“என் வீட்டுல!” என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அடுப்படியில் நின்றிருந்த மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதை இப்போது காட்டிக்கொண்டால் காரியம் கெட்டுவிடும் என்று பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

அந்தச் சத்தம் மின்னலைக் கிளப்பிவிட்டது. ஒட்டுப்போடுவதில் இனிப் பிரயோஜனமில்லை. இருந்த ‘இப்போதைக்கு’களையெல்லாம் பிடுங்கி எறிந்தார். வேலைக்கு வாங்கி வைத்திருந்த புது ஒயர்ச் சுருளை உடைத்தார். விளக்குக்குத் தனியாக, ஃபேனுக்குத் தனியாக, குளியலறைக்குத் தனியாக, மணிக்குத் தனியாக இழுத்தார். மற்றவர் வீட்டில் செய்வதைப் போல ஒழுங்காகச் செய்தார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியில் தூசி. அறிவிப்புகள் நின்றுபோயின. வேலை அவரைப் பிடித்துக்கொண்டது, வாசலில் இருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கடைசியில் மெயினைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். சமையலறை விளக்கு எரிந்தது. மணி வாயைத் திறக்கவில்லை. ஃபேன் சுற்றியது. குளியலறையும் எரிந்தது. தையல்கார அக்கா ஓடிப்போய் மணியை அழுத்தினாள். மணி மட்டும் அடித்தது.

“இப்படித்தான் பண்ணணும்!” என்றார் வாத்தியார், தானே செய்ததைப் போல.

கூட்டம் கலைந்தது. மின்னல் ஸ்டூலிலிருந்து இறங்கி நேராக வாசலுக்கு வந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“பாத்தியா? என் வீட்டுல உனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு ஸ்க்ரூ திருப்ப விட மாட்டேன். போய் எல்லார்கிட்டயும் சொல்லு!”

“சொல்றேன்ணே” என்று டெஸ்டர் டம்ளரை நீட்டினான். உள்ளே பார்த்து, “அண்ணி, எல்லாம் எரியுதில்ல? அப்ப நான் கிளம்பலாமா?” என்றான்.

“கிளம்புங்க தம்பி. ரொம்ப உதவி” என்றாள் அவள்.

மின்னலுக்கு அப்போதுதான் ஏதோ குறைவதாகப் பட்டது. டெஸ்டரின் சட்டைப் பையைப் பார்த்தார். காலி. ஸ்கூட்டரைப் பார்த்தார். கருவிப் பை இல்லை.

“ஏன்டா, கையில ஒரு டெஸ்டர்கூட இல்லாம எதுக்கு வந்தே?”

“எதையும் எடுத்துட்டு வர வேணாம், எதையும் தொடவும் வேணாம், வாசல்ல வண்டிய நிறுத்திட்டு டீ குடிச்சா போதும், விளக்கு தானா எரியும்னு அண்ணி போன்லயே சொல்லிட்டாங்கண்ணே.”

மின்னல் மெல்லத் திரும்பினார். நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள் மனைவி. டார்ச்சைப் பரண் மேல் எறிந்துவிட்டு அவரை நேருக்கு நேர் பார்த்தாள். ஒரு இம்மிகூட அசரவில்லை.

“உனக்கு இந்த யோசனையை யாரு குடுத்தது?”

அவள் டெஸ்டரைப் பார்த்தாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டே டெஸ்டர்தான் பதில் சொன்னான்.

“என் சம்சாரம்தான்ணே. போன மாசம் நீங்க எங்க வாசல்ல உக்காந்து டீ குடிச்சீங்களே, அப்ப உள்ள நானும் இப்படித்தான் ஸ்டூல் மேல நின்னுக்கிட்டிருந்தேன்.”