அடக்கமான நாதம்

மதிப்புரையாளர் மூன்றாம் முறையாக ஊதினார். காற்று குழலுக்குள் போகாமல் அவர் கன்னத்துக்கே திரும்பி வந்தது.

"என்னங்க, பால் இன்னும் ஆறலையா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி.

"இது கைவேலை. பழகினாதான் பேசும். நீ சும்மா இரு."

பதினோரு வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் இசைக்கருவிகளை எடைபோட்டு வருகிறவர் அவர். எதையும் வாசித்துப் பார்த்ததில்லை. தட்டுவார், முகர்வார், 'கார்வை' என்ற சொல்லை நாலு இடத்தில் தூவுவார், கட்டுரை தயாராகிவிடும். இந்த முறைதான் வம்பு வந்தது. யாரோ ஒரு தச்சர், எவரும் வாங்கக்கூடிய விலையில் மரக்குழல் கடைந்து, ஐந்து பத்திரிகைகளின் மதிப்புரையாளர்களுக்கு ஆளுக்கொன்று அனுப்பியிருந்தார்.

ஆசிரியர் காலையிலேயே தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டார். "மத்த நாலு பேரும் வாசிச்சே பதிவு பண்ணிப் போட்டுட்டாங்க சார். நாலு மணிக்குள்ள நீங்களும் ஒரு நிமிஷம் வாசிச்சு அனுப்புங்க. இல்லைன்னா உங்க பக்கத்தைக் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் குடுத்துடுவேன்."

போயும் போயும் குறுக்கெழுத்திடமா தோற்பது?

மரம் வறண்டிருக்கும் என்று எண்ணெய் விட்டார். எண்ணெய் உள்ளே இறங்காமல் சட்டையில் இறங்கியது. அடைப்பு இருக்குமென்று கொண்டை ஊசியை நுழைத்தார். அது அரை விரல் ஆழத்தில் முட்டி, அங்கேயே குடியேறிவிட்டது. ஊசியை மீட்க வெந்நீரில் போட்டார். குழல் வெளுத்தது, அவர் கை சிவந்தது. ஊசி அசையவில்லை.

"என் கொண்டை ஊசி எங்கங்க?"

"ஆராய்ச்சியில இருக்கு."

மணி மூன்றரை. ஜன்னல் வழியாக ஒரு சீட்டி ஒலி குழைந்து வந்தது. கீழ்வீட்டுத் தையற்காரர்! மதிப்புரையாளர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

"ஒரே நிமிஷம், இதே மாதிரி சீட்டியடிங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன்."

"சும்மா உக்காந்தா வராது சார். மிஷினை மிதிச்சாதான் எனக்கு ராகம் வரும்."

"அப்போ மிதிங்க."

"வெறும் மிஷினை மிதிச்சா நூல் சிக்கிடும். துணி குடுங்க."

மதிப்புரையாளர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். ராகம் முடிந்தபோது அது தலையணை உறையாகியிருந்தது.

பதிவில் சீட்டிக்கு அடியில் மிஷின் கடகடவென்று ஓடியது. விளக்கத்துக்கா பஞ்சம்? 'அடக்கமான நாதம். ஊடே கேட்கும் துடிப்பு, துளைகளின் மேல் விரல்கள் விழும் வேகம். கார்வையோ கார்வை' என்று எழுதி, மூன்று ஐம்பத்தைந்துக்கு அனுப்பினார்.

நாலு மணிக்கு ஆசிரியர் அழைத்தார். "கண்ணு கலங்கிடுச்சு சார். உங்களுக்குள்ள இப்படி ஒரு வித்துவானா? அடுத்த வாரம் நீங்க அஞ்சு பேரும் ஒரே மேடையில வாசிக்கிறீங்க. அரங்கம் சொல்லியாச்சு."

மதிப்புரையாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வாசலில் மணி அடித்தது.

கையில் பையோடு ஒரு பெரியவர் நின்றார். குழல் செய்த தச்சர்தானாம். மதிப்புரையாளர் வெளுத்த குழலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். கடை வாசல்ல தொங்கவிடுற மாதிரிக் குழலை என் பொண்ணு தெரியாம அனுப்பிட்டா. போற வர்றவங்க எல்லாம் வாய் வைக்கிறாங்கன்னு அதுல உள்துளையே போட மாட்டேன். மேலாப்புல குடைஞ்சிருப்பேன், உள்ள முழுக் கட்டை. எந்தக் கொம்பன் ஊதினாலும் சத்தம் வராது. அதான் நிஜக் குழல் கொண்டாந்தேன்."

"எனக்கு மட்டுமா அப்படி வந்திச்சு?"

"அஞ்சு பேருக்கும் அதேதான் சார். மத்த நாலு வீட்டுக்கும் போயிட்டுத்தான் வர்றேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

தச்சர் தலையைச் சொறிந்தார். "மூணு பேரு, இதுவே தேனா ஒலிக்குது, மாத்தவே வேணாம்னுட்டாங்க. நாலாமவர்தான் ஒரே ஒரு குறை சொன்னார் சார். மேல்சுருதி கொஞ்சம் தூக்கலா இருக்காம்."