உரியவர் நேரில் வரவும்

"பொருள்: மைனாக் குஞ்சு. எண்ணிக்கை: ஒன்று. கிடைத்த இடம்: இரண்டாம் நடைமேடை, பெஞ்சுக்கு அடியில்."

இதுவரை தடங்கலில்லாமல் எழுதிய பதிவேட்டுக்காரர், 'பொருளின் நிலை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்து யோசித்தார். குஞ்சு அவர் கட்டைவிரலை நறுக்கென்று கொத்தியது. "கோபம்" என்று எழுதினார்.

ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களுக்கான அறை அவருடைய ராஜ்யம். பயணிகள் மறந்துவிட்டுப் போகிற குடை, ஒற்றைச் செருப்பு, பல்செட் எல்லாம் அங்கே வந்து சேரும். எது வந்தாலும் அதற்கு ஒரு எண் கொடுத்து, அட்டை கட்டி, அலமாரியில் வைத்துவிட்டு, தேடி வருகிறவருக்காகக் காத்திருப்பார். கவுண்டருக்கு மேலே அவர் கையாலேயே எழுதி மாட்டிய பலகை தொங்கியது: 'உரியவர் நேரில் வரவும். அடையாளம் சொல்லவும்.' அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் நிலையத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

"எடுத்த இடத்துலயே விட்டுடுங்க சார்" என்றாள் நடைமேடை பெருக்கும் அக்கா. அவளை நிலையமே அக்கா என்றுதான் கூப்பிடும்.

"தனியா கிடந்துச்சுக்கா. பூனை வந்தா என்ன ஆவும்?"

தனியா என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகக் கம்மியது. அதற்குக் காரணம் குஞ்சு இல்லை. ஒரு பச்சைக் குடை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி ரயிலில் குடையை விட்டுவிட்டாள். சாயங்காலம் கவுண்டருக்கு வந்து, "என் குடையக் குடுங்க" என்று கை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் ஏழு பேர்.

"அடையாளம் சொல்லுங்க" என்றார் இவர்.

"பச்சைக் குடை. நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?"

"கம்பி எத்தனை?"

"என்னது?"

"குடையில கம்பி எத்தனை?"

"பத்து."

"எட்டு. அடுத்தவங்க வாங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இருபது வருஷம் குடும்பம் நடத்தின பொண்டாட்டிக்கு இல்லாத அடையாளம் குடைக் கம்பிக்கு இருக்காக்கும்!" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியைப் பிடித்துத் தன் அக்கா வீட்டுக்குப் போனவள்தான்.

போனவள் தானாக வரட்டும் என்று இவர் இருந்தார். தேடிப் போவது அவர் தொழிலிலேயே கிடையாது. ஆனால் குடையைத் தினமும் துடைத்தார். தொலைபேசியை எடுத்துப் பாதி எண்களைச் சுழற்றிவிட்டு வைத்தார். வீட்டில் கை தன்னால் இரண்டு டம்ளர் எடுக்கும். ஒன்றைத் திரும்ப வைப்பார். அவருக்கு அவள் வேண்டும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை.

அறையின் பின்பக்கம் நடைமேடையைப் பார்த்த ஒரு பால்கண்ணாடி ஜன்னல். அதையும் அன்றைக்கே சாத்திவிட்டார். வண்டி வந்து நின்றதும், இறங்குகிறவர்களுக்காக நிற்பவர்கள் கையை ஆட்டிக்கொண்டு ஓடுவார்கள். அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. யாராவது கேட்டால், "தூசி" என்பார்.

குஞ்சை முதலில் ஒரு சாம்பல் நிறத் தொப்பிக்குள் வைத்தார். இரண்டு மாதமாகக் கேட்பாரற்றுக் கிடந்த தொப்பி. காலில் அட்டையைக் கட்டினார்; அது பிய்த்துப் போட்டது. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து நீட்டினார். அது வாயை இறுக மூடிக்கொண்டது. ஆனால் கத்துவதற்கு மட்டும் அந்த வாய் தாராளமாகத் திறந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் தட் தட்டென்று சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெரிய மைனாக்களின் நிழல் இறக்கையை அடித்துக்கொண்டு கூச்சல் போட்டது.

"பாருங்கக்கா அராஜகத்தை! சின்னக் குஞ்சுன்னா இளக்காரமாப் போச்சு. அடிக்க வந்திருக்குங்க!"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சார், அது வந்து..."

"நீங்க பேசாம இருங்க" என்று ஜன்னலுக்குக் கொக்கி போட்டார். போதாதென்று, யாரோ ஒரு குழந்தை தொலைத்த ரப்பர் பாம்பை எடுத்துக் கண்ணாடியில் தொங்கவிட்டார். வெளியே இருந்த மைனாக்கள் அசரவில்லை. உள்ளே இருந்த குஞ்சுதான் பாம்பைக் கண்டு மிரண்டு, தத்தித் தாவிக் குடை அலமாரிக்குப் பின்னால் புகுந்துகொண்டது. அதை எடுக்கிறேன் என்று இவர் கையை விட, முப்பத்தேழு குடைகளும் சரிந்தன. அதில் ஒன்பது தானாக விரிந்தன.

பச்சைக் குடையை மட்டும் கீழே விழாமல் எப்படிப் பிடித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

குஞ்சைப் பிடித்து மறுபடி தொப்பியில் வைத்த நேரம், கவுண்டரில் ஒரு பெரியவர் வந்து நின்றார். "தொப்பி ஒண்ணு தொலைஞ்சு போச்சுங்க. சாம்பல் கலர். உள்ள நீலத் துணி. இடது ஓரத்துல ஒரு தையல் பிரிஞ்சிருக்கும்."

இப்படி அச்சுப்பிசகாமல் அடையாளம் சொல்லும் ஆளை அவர் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. "எல்லாம் சரிங்க. ஆனா இப்ப அதுல ஆள் குடியிருக்குங்க."

"என்ன விளையாடறீங்களா?"

குஞ்சைக் காலி பண்ணித் தொப்பியைக் கொடுத்தார். பெரியவர் வாங்கிய வேகத்தில் வழுக்கைத் தலையில் மாட்டினார். குஞ்சு உள்ளே என்ன விட்டுவிட்டுப் போயிருந்தது என்பது நெற்றியில் வழிந்த பிறகுதான் தெரிந்தது. அவர் நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்தபோது அறைக்குள் விரிந்த குடைகள், தொங்கும் பாம்பு, வெளியே மைனாக் கச்சேரி.

"என்னய்யா இதெல்லாம்?"

"கண்டெடுத்த பொருள் சார். வரிசை எண் நானூத்திப் பன்னிரண்டு. விதிப்படி குறைஞ்சது முப்பது நாள் வெச்சிருக்கணும்."

"முப்பது நாளா? நாளைக்கு மத்தியானம் நான் வருவேன். அது இருக்கக் கூடாது. இருந்தா உமக்கும் ஒரு அட்டை கட்டி அலமாரியில ஏத்திடுவேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் குஞ்சு பறந்து, பறப்பதற்கு முயன்று என்று சொல்ல வேண்டும், அவர் தோளில் இறங்கி, சீருடையில் இன்னொரு நட்சத்திரத்தைச் சேர்த்துவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. குஞ்சு கத்துவதை நிறுத்தியிருந்தது.

நேற்று காது கிழியக் கத்தியபோது சலித்துக்கொண்டவர், இன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு ஏங்கினார். அது ஒரு மூலையில் இறகைச் சிலுப்பிக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறந்தது. ரொட்டி, வாழைப்பழம், நசுக்கிய பட்டாணி எதற்கும் வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் செத்துவிடும் என்று அவருக்கே புரிந்தது. அதன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"உன்னைத் தேடி ஒருத்தரும் வரலையேடா செல்லம். என்ன பண்றது? நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதி" என்றார்.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். அவள் கையில் மூடி போட்ட ஒரு பெரிய அலுமினிய அண்டா.

"பெஞ்சுல இருந்துச்சு சார்."

பதிவேட்டுக்காரர் பெருமூச்சோடு எழுந்தார். வியாழக்கிழமைகளில் ஜனங்களுக்கு மறதி அதிகம் என்று அவர் ஒரு குறிப்பே எழுதி வைத்திருந்தார். பன்னிரண்டு வாரமாக ஜன்னலுக்கு நேரே இருக்கும் பெஞ்சில் யாராவது சாப்பாட்டை மறந்துவிட்டுப் போகிறார்கள். முதலில் ஒரு டிபன் கேரியர், அப்புறம் தூக்குச்சட்டி, போன வாரம் குக்கர், இப்போது அண்டாவே வந்துவிட்டது. காலிப் பாத்திரங்கள் கழுவி, எண் போட்டு, அலமாரியில் வரிசையாக இருந்தன. ஒருவரும் தேடி வரவில்லை.

மூடியைத் திறந்து பார்த்தார். சூடு ஆறவில்லை. மிளகு வறுத்துப் பொடித்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மனைவியும் இப்படித்தான், மிளகைக் கருகும் பதத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் இறக்குவாள். மூன்று மாதமாக எந்த வாசனையும் அவருக்கு அவளைத்தான் ஞாபகப்படுத்தியது. தெருவில் சோப்பு வாசனை வந்தால்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுத்தான் பாருங்களேன் சார்" என்றாள் அக்கா, ஒவ்வொரு வாரமும் கெஞ்சுவதுபோலவே. "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"கண்டெடுத்த பொருளை ஊழியர் பயன்படுத்தக் கூடாது. உண்ணும் பொருளை அன்னைக்கே அப்புறப்படுத்தணும். எடுத்துட்டுப் போய் சாப்பிடுங்கக்கா."

"நானும் பன்னிரண்டு வாரமா அப்புறப்படுத்தி அப்புறப்படுத்தி எட்டு கிலோ ஏறிட்டேன் சார்" என்று முணுமுணுத்தவள், மூலையில் கிடந்த குஞ்சைப் பார்த்தாள். அண்டாவை டொங்கென்று கீழே வைத்தாள். விறுவிறுவென்று போய், பாம்பைப் பிடுங்கி எறிந்து, கொக்கியைத் தட்டி, ஜன்னலை விரியத் திறந்தாள்.

"ஐயோ, கொன்னுடும்கா!"

அவர் பாய்வதற்குள் ஒரு பெரிய மைனா உள்ளே வந்துவிட்டது. அதன் அலகில் ஒரு வெட்டுக்கிளி. மூலையில் துவண்டு கிடந்த குஞ்சு, உயிர் வந்ததுபோல் எழுந்து, உடம்பெல்லாம் வாயாகத் திறந்தது. பெரிய மைனா வெட்டுக்கிளியை உள்ளே திணித்துவிட்டு, அவரை ஒரு முறை முறைத்தது. அடுத்து இன்னொரு மைனா ஒரு புழுவோடு வந்தது.

பதிவேட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாவும் அம்மாவும் சார்" என்றாள் அக்கா. "நேத்துல இருந்து கண்ணாடில முட்டிக்கிட்டு நிக்குதுங்க. குஞ்சு தொலையவே இல்லை. பறக்கப் பழகறதுக்கு இறங்கியிருக்கு. நீங்கதான் எடுத்துட்டு வந்து கதவைச் சாத்திட்டீங்க."

குஞ்சு தத்தி வந்து நாற்காலிக் கையில் ஏறி, ஜன்னல் கட்டைக்குத் தாவியது. அங்கிருந்து இறக்கையைப் படபடத்து, வெளியே பெஞ்சில் போய் விழுந்தது. இரண்டு மைனாவும் இரண்டு பக்கமும் இறங்கின. மூன்றும் சேர்ந்து போட்ட சத்தத்தை அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இவ்வளவு நேரமும் இங்கயேவா இருந்துச்சுங்க? 'யாரும் தேடி வரவில்லை'ன்னு நான் பதிவேட்டுல எழுதிட்டேனேக்கா!"

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தபடி எதிர் நடைமேடையைக் காட்டினாள்.

"மைனாவை விடுங்க சார், சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன், இனி தாங்காது: பன்னிரண்டு வாரமா சமைச்சுக் கொண்டாந்து வெச்சுட்டு, இந்த ஜன்னல் எப்பத் திறக்கும்னு அதோ அந்த பெஞ்சுல உட்கார்ந்து பார்த்துட்டுப் போறாங்க உங்க வீட்டம்மா, வண்டி வர்றதுக்குள்ள ஓடிப்போய்க் கூப்பிடுங்க, அவங்க அக்கா வீட்டுல இனிமே பாத்திரம் கிடையாதாம்!"