கரண்ட் எங்கே போகிறது?

சமையலறை ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஐவிந்த் இரண்டாவது நாளாக ஒயரை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஃப்ரீசரைத் திறந்து பார்த்த அவர் மனைவி தூரிட், "போச்சு" என்றாள்.

"என்ன போச்சு?"

"மான் கறி மொத்தமும் உருகிப்போச்சு. நேத்து நீ காரை மாட்டினதுமே ஃபியூஸ் போயிருக்கு. ஃப்ரீசர் விடிய விடிய ஓடல."

"அப்ப கார்?"

"கார் மட்டும் எப்படி ஏறும்? அதுவும் அதே ஃபியூஸ்லதானே தொங்குது!"

ஐவிந்த் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் அவருக்கு வேலை. தண்ணீர் எங்கே கசிகிறது என்று தேடுவதும், ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும்தான் பிழைப்பு. வீட்டிலாவது நிம்மதியாக இருக்கலாம் என்று, நார்வேயே வாங்குகிறதே என்று, பழைய டீசல் வண்டியைத் தள்ளிவிட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கினார். நிம்மதி அன்றோடு போயிற்று.

சாவியைக் கொடுக்கும்போதே ஷோரூம் பெண் கேட்டாள், "வீட்ல சார்ஜ் பண்ண என்ன ஏற்பாடு வெச்சிருக்கீங்க?"

"வீட்ல பிளக் இருக்கு" என்றார் ஐவிந்த்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது. சாதாரண பிளக் ஆபத்துக்குப் பாவம் இல்லை என்கிற மாதிரி, அவசரத்துக்கு மட்டும்தான் என்றாள். அதில் தினமும் ஏற்றினால் பழைய வீட்டு ஒயர் சூடாகும், வண்டி நிறையவும் ஒரு யுகம் ஆகும். தனி லைன் இழுத்து, அதற்கென்று இருக்கிற சார்ஜர் பெட்டியை எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்ட வேண்டும். வண்டி நிறுத்துமிடம் பொதுவானது என்றால் குடியிருப்போர் சங்கமே எல்லாருக்குமாக வைத்துக்கொடுப்பதும் உண்டு. அவள் சொன்னதற்கெல்லாம் ஐவிந்த் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாக ஒயரை விட்டார்.

"இதோ பாரு" என்றாள் தூரிட். "நவம்பர் கடைசி ஞாயிறு நம்ம பொண்ணு மாரித் குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தைக்குப் போடற அங்கி நம்மகிட்ட இருக்கு. என் பாட்டியோட அம்மா தெச்சது. எங்க குடும்பத்துல அது இல்லாம ஒரு குழந்தைக்கும் தண்ணி தெளிச்சதில்ல. அவ ஊரு டோம்பாஸ் வரைக்கும் ஒரே மூச்சுல போகணும். வழியில வண்டி படுத்துக்கிச்சு, குழந்தைய பைஜாமாவோட பாதிரியார்கிட்ட குடுத்தாங்க, அவ்வளவுதான். இந்தக் காரையும் விப்பேன், கூடவே உன்னையும் விப்பேன்."

"என்னை யார் வாங்குவா?" என்றார் ஐவிந்த்.

"அதான் என் கவலையும்."

மறுநாள் ஐவிந்த் போய்ச் சங்கத் தலைவர் ஆர்ன்ஃபினின் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. வண்டிகளுக்குத் தெருமுனையில் பொது இடம். கடைசி வீடு ஐவிந்துடையது என்பதால், அவர் வண்டி மட்டும் வீட்டுச் சுவரிலிருந்து எட்டுகிற தூரத்தில் நிற்கும்.

"எல்லாருக்கும் பொதுவா சார்ஜர் வெக்கறதப் பத்தி மூணு வருஷமா பேசிட்டிருக்கோம்" என்றார் ஆர்ன்ஃபின், காபியை ஊற்றிக்கொண்டே. "சின்ன விஷயமா அது?"

"எப்ப வெப்பீங்க?"

"பேசி முடிச்சதும்."

"எப்ப பேசி முடிப்பீங்க?"

"வசந்தகாலக் கூட்டத்துல மறுபடி பேச ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னா நீயே ஒரு கம்பம் நடு. யாரு வேணாங்கறா? சங்கத்துல காசு மட்டும் கேக்காத."

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஐவிந்த் வீட்டு மீட்டரிலிருந்து மண்ணுக்கடியில் கேபிள் போக வேண்டும், முனையில் கம்பம், கம்பத்தில் சார்ஜர் பெட்டி.

"கேபிள் நான் இழுத்துடுவேன். பள்ளம் தோண்டறது என் வேலை இல்ல. சீக்கிரம் தோண்டிடுங்க. மண்ணு உறைஞ்சிட்டா அப்புறம் வசந்தகாலம்தான்."

வசந்தகாலம் என்றாலே ஐவிந்துக்கு இப்போது ஆர்ன்ஃபின் ஞாபகம்தான் வந்தது. பள்ளம் தோண்டும் இயந்திரக்காரர் கேட்ட தொகை அதைவிட மோசம். தானே மண்வெட்டியை எடுத்தார். நாலு வெட்டில் முதுகு பிடித்துக்கொண்டது. சோபாவில் குப்புறக் கிடந்தபடி, முதுகில் வெந்நீர்ப் பையோடு, கூரையைப் பார்க்கக்கூட வழியில்லாமல் யோசித்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

தெருக்காரர்களின் போன் குழுவில் ஒரு வரி போட்டார்: "சனிக்கிழமை சார்ஜர் கம்பத்துக்கு டூக்னாட். மண்வெட்டி கொண்டுவரவும். சாசேஜும் காபியும் உண்டு."

டூக்னாட் என்றால் தெருவே கூடிக் கூலியில்லாமல் செய்கிற பொது வேலை. வேலிக்குச் சாயம் அடிப்பார்கள், சருகு அள்ளுவார்கள், ஊஞ்சலுக்குப் பலகை மாற்றுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற தைரியம் அந்த நாட்டில் யாருக்கும் கிடையாது. வராதவனைப் பற்றி அடுத்த டூக்னாட் வரைக்கும் பேசுவார்கள்.

சனிக்கிழமை தெருவே திரண்டு வந்தது. ஆர்ன்ஃபின் கடப்பாறையோடு வந்தார். முழங்கால் சரியில்லாத சிக்ரூன் கிழவி, எண்பதைத் தாண்டியவள், மடக்கு நாற்காலியும் ஒரு கூடை வாஃபிளுமாக வந்து உட்கார்ந்து, யார் ஒழுங்காகத் தோண்டவில்லை என்று மேற்பார்வை பார்த்தாள். மதியத்துக்குள் பள்ளம் தயார். முதுகுக்குப் பெல்ட் கட்டிய ஐவிந்த் சாசேஜ் திருப்பிப்போட்டதோடு சரி.

"ரொம்ப நல்ல காரியம் தம்பி" என்று சிக்ரூன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாராவது ஒருத்தர் முன்னால நிக்க மாட்டாங்களான்னுதான் இத்தனை நாள் பாத்துக்கிட்டிருந்தோம்."

ஐவிந்துக்குக் கண் கலங்கியது. பாதி புகையினால். சாயங்காலம் தோண்டினவர்களெல்லாம் சிக்ரூன் வீட்டில் காபிக்குக் கூடினார்கள். ஐவிந்த் போகவில்லை, முதுகைக் காரணம் சொல்லிப் படுத்துவிட்டார்.

அடுத்த வாரம் கம்பம் நின்றது. கம்பத்தில் பெட்டி, பெட்டியில் பச்சை விளக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல் கரண்ட் விலை குறைவு என்பதால், பத்து மணிக்குத்தான் ஏற ஆரம்பிக்க வேண்டும் என்று ஐவிந்த் பெட்டிக்குக் கட்டளை போட்டார். சாயங்காலமே காரை மாட்டிவிட்டு, பல வாரம் கழித்து நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் ஒயர் மாட்டியது மாட்டினபடி இருந்தது. போனில் பார்த்தால், ராத்திரி முழுக்கக் கரண்ட் கொடுத்ததாகப் பெட்டி சொன்னது. காருக்குள் உட்கார்ந்து பார்த்தால், தனக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை என்று கார் சொன்னது.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது" என்றார்.

"இந்த வீட்ல பொய் சொல்றதுக்கு ஆள் பத்தாதுன்னு இப்ப மெஷினும் சேந்துக்கிச்சா?" என்றாள் தூரிட். மான் கறியை அவள் இன்னும் மறக்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "பெட்டி நல்லா இருக்கு. குளிர்தான்."

ஷோரூமில் காரை மாட்டிப் பார்த்தார்கள். கடகடவென்று ஏறியது. "கார் நல்லா இருக்கு. குளிர்தான்" என்றார்கள். பேட்டரி குளிர்ந்து கிடந்தால் ஏறாது, விடியற்காலையில் தானாகச் சூடாகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வைத்தார். கார் தினமும் விடியற்காலை தன் வயிற்றில் மிச்சமிருந்த கரண்டையும் எரித்துச் சூடாகி, இன்னும் காலியாக நின்றது.

சரி, போர்த்தியாவது வைப்போம் என்று தூரிட்டின் நல்ல கம்பளியை எடுத்துக் காரின் மூக்கில் போர்த்தினார். பனி பெய்து கம்பளி பலகையாக உறைந்தது. அதைப் பிய்த்தெடுத்ததில் கம்பளி கிழிந்தது. 

பிறகு ஒரு நாள் ஒயர் காரோடு உறைந்து, பூட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. ஷோரூமுக்குப் போன் போட்டார். "கரண்ட் ஏற ஆரம்பிச்சதும் ஒயர் தானா பூட்டிக்கும். குளிர்காலத்துல அந்தப் பூட்டை எடுத்துவிட்டுடுங்க, யார் இழுத்தாலும் வர மாதிரி" என்றார்கள். எடுத்துவிட்டார். அதுவரை எப்போதாவது ஏறிக்கொண்டிருந்தது, அதற்கப்புறம் சுத்தமாக நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை மட்டும் ஏறியது.

"செவ்வாய்க்கிழமை மட்டுமா?" என்று எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார்.

"ஒவ்வொரு செவ்வாயும். வழிய வழிய ஏறுது."

"செவ்வாய்க்கிழமை குளிர் கம்மியா இருந்திருக்கும்."

ஐவிந்த் களைத்துப்போனார். பகலெல்லாம் தண்ணீர் எங்கே போகிறது, சாயங்காலமெல்லாம் கரண்ட் எங்கே போகிறது. மதியச் சாப்பாட்டு ரொட்டியை ஊர்ப் பொது சார்ஜரின் வரிசையில், காருக்குள் உட்கார்ந்தே தின்றார். ஏற்றியதெல்லாம் ஆபீசுக்குப் போய்வரவே சரியாக இருந்தது. பழைய டீசல் வண்டியை ரோட்டில் எங்கேயாவது பார்த்தால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இதற்கு நடுவில் தெருக்காரர்களுக்கு அவர்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. அவர் எழுந்திருக்கும் முன்னால் வாசல் பனியை யாரோ தள்ளியிருந்தார்கள். ஒரு நாள் படியில் கேக் இருந்தது. ஆர்ன்ஃபின் தெருவில் எல்லார் முன்னாலும் தோளில் தட்டி, "உன்னை மாதிரி நாலு பேர் வேணும்யா" என்றார். தன் முகத்தைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று ஐவிந்த் நினைத்துக்கொண்டார்.

அவர் வண்டிக்குப் பக்கத்தில் விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கிய இடம். அதில் ராத்திரிக்கு ஒன்றாக ஏதாவது ஒரு வண்டி பனி மூடி நின்றது.

"எல்லார் வீட்டுக்கும் ஆள் வருது" என்று தூரிட் ஜன்னலோரம் நின்று அங்கலாய்த்தாள். "நம்ம வீட்டுக்குத்தான் நாதி இல்ல."

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள். வண்டியில் கால்வாசிகூட இல்லை. பொது சார்ஜருக்கு ஓடினார். சறுக்குகிற அளவுக்குப் பனி சேர்ந்த முதல் சனிக்கிழமை, ஊரே பனிச்சறுக்குக்குக் கிளம்பியிருந்தது. கூரையில் சறுக்குக் கட்டைகளைக் கட்டிய வண்டிகளின் வரிசை பெட்ரோல் பங்க் தாண்டி நின்றது. காத்திருந்து பார்த்துவிட்டு, காத்திருந்ததிலேயே ஹீட்டருக்குக் கொஞ்சம் செலவழித்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னிக்கு ராத்திரி ஏறும்" என்றார் தூரிட்டிடம்.

"இன்னிக்கு செவ்வாய் இல்லையே."

"ஏறும்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். கத்தினதும் தனக்கே வெட்கமாக இருந்தது. உண்மையில் அவர் பயந்துபோயிருந்தார். மாரித் முதல் குழந்தை பெற்றபோதும் ஏதோ குழாய் வெடித்தது என்று அவர் போகவில்லை. இந்தத் தடவையும் போய்ச் சேராவிட்டால், மகள் எதுவும் சொல்லமாட்டாள். அதுதான் அவருக்குத் தாங்காது.

பத்து மணிக்குப் பச்சை விளக்கு எரிவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே கிளம்பினார்கள். தூரிட் வெள்ளி ஊக்குகள் குத்திய விசேஷ உடையில், அங்கி வைத்த அட்டைப்பெட்டியைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு பின்னால் வந்தாள். ஐவிந்த் தெருமுனை திரும்பினவர் அப்படியே நின்றார்.

இரவு உடைக்கு மேல் கோட்டும், காலில் கம்பளிக் காலுறையுமாக சிக்ரூன் கிழவி நின்றிருந்தாள். விருந்தாளி இடத்தில் நின்ற வண்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கி, ஐவிந்தின் வண்டியில் கவனமாகச் செருகிக்கொண்டிருந்தாள்.

"சிக்ரூன்! என்ன பண்றீங்க?"

"மெதுவா பேசு, எல்லாரும் தூங்கறாங்க. என்னுது நெறஞ்சிடுச்சு, திருப்பி உன்னுதுல மாட்டறேன். எடுத்த பொருளை எடுத்த எடத்துல வெக்கணும்ல?"

"உங்களுதா?"

"சனிக்கிழமை என் முறை. வெள்ளி ஆர்ன்ஃபின். தோண்டின அன்னிக்கே சாயங்காலம் எங்க வீட்ல பேசி முடிச்சோமே. நீ முதுகு வலின்னு படுத்துட்ட. உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு, செவ்வாய்க்கிழமைய உனக்குன்னு தனியா ஒதுக்கி வெச்சோம். ஏறுதுல்ல, செவ்வாய்?"

 பல வாரத்துக் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்து ஐவிந்தின் வாயைத் திறந்தது. "இது என் கம்பம்! என் கேபிள்! என் மீட்டர்! நான் குளிருன்னு கம்பளி போத்தினேன், சிக்ரூன்! கம்பளி! இப்ப என் வண்டில ஒண்ணும் இல்ல, பேரனுக்குப் பதினோரு மணிக்கு ஞானஸ்நானம், அங்கி இதோ இவ கையில!"

சிக்ரூன் அவரை ஜுரம் வந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கோட்டுப் பையில் கைவிட்டுத் தன் சாவியை எடுத்து நீட்டினாள். "இதுக்கா இந்தக் கத்து? என்னுது நெறஞ்சு நிக்குது, சீட்டுகூட சூடா இருக்கு. எடுத்துட்டுப் போ. குழந்தைய நான் கேட்டேன்னு சொல்லு."

 அதற்குள் தூரிட் அங்கிப் பெட்டியை சிக்ரூன் வண்டியின் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

ஐவிந்த் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார்.  "இது என் சொந்தக் கம்பம்னு இந்தத் தெருவுல ஒருத்தருக்குமா தெரியாது?"

"சொந்தக் கம்பத்துக்கு எவனாவது டூக்னாட்னு கூப்பிடுவானா, தம்பி?" என்றாள் சிக்ரூன்.